இன்கோயேட் ஆதிலட்சுமி

ஆரணி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு ஸ்டூல், மேசைமேல் நாலு நீலப் பேனா. இதுதான் ஆதிலட்சுமியின் அலுவலகம். இருபத்திரண்டு வருடமாக அங்கேயே உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதித் தருகிறாள். ஆனால் ஆதிலட்சுமி எங்கே என்று போய்க் கேட்டால் யாருக்கும் தெரியாது. பி.ஏ. அக்கா என்று கேட்க வேண்டும். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பெரியவர்கூட "பி.ஏ. அக்கா, பென்ஷன் மனு ஒண்ணு எழுதணும்" என்றுதான் வந்து நிற்பார்.

வாரிசுச் சான்றிதழோ பட்டா மாறுதலோ, பி.ஏ. அக்கா கைபட்ட விண்ணப்பம் திரும்பி வராது என்று ஊரில் பேச்சு. அதில் மிகை ஒன்றும் இல்லை. ஒரு மனுவைத் திருப்பி அனுப்ப மிகச் சுலபமான வழி, 'முழுமையற்ற விண்ணப்பம்' என்று மூலையில் எழுதிவிடுவது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், ஆறு மாதம் அலையலாம். ஆதிலட்சுமி ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டாள். எழுத ஒன்றும் இல்லாத இடத்திலும் 'இல்லை' என்று எழுதுவாள். கோடு போடக்கூட அவளிடம் அனுமதி கிடையாது. கோடு போட்டால் மறந்துவிட்டார்கள் என்று நினைப்பார்களாம், இல்லை என்று எழுதினால்தான் படித்துப் பார்த்து எழுதியது தெரியுமாம். பெண்டாட்டி பிறந்த தேதி தெரியாமல் வந்து நிற்கும் ஆண்களை அவள் வாங்கு வாங்கென்று வாங்குவதைக் கேட்கவே சிலர் டீ கிளாஸோடு பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

அப்படிப்பட்டவள் போன கார்த்திகைக் கடைசியில் ஒரு தாளை முன்னால் வைத்துக்கொண்டு, காலை முழுக்கப் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அது மனு இல்லை. மகள் அகல்யாவின் கல்யாணப் பத்திரிகை. தை பத்தாம் தேதி முகூர்த்தம். மார்கழி பிறப்பதற்குள் அச்சடித்துவிட வேண்டும் என்று அச்சகம் வைத்திருக்கும் குணா மாதிரித் தாளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஒரு தபா படித்துப் பார்த்து, சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் நாளைக் காலையில் மெஷினில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். தப்புக் கண்டுபிடிக்க பி.ஏ. அக்காவைவிட நல்ல ஆள் ஆரணியில் யார் இருக்கிறார்கள்?

தப்பு முதல் பார்வையிலேயே கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் அது தப்பு என்று வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் பெயர் என்பது தலை மட்டும்தான், பின்னால் ஒரு வால் இருந்தே ஆக வேண்டும். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ. அகல்யா பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. நர்சிங். சம்பந்தி தனசேகரனுக்கு 'ஓய்வு, மின்வாரியம்'. ஆதிலட்சுமியின் புருஷன் அருள்ராஜுக்கு 'மேஸ்திரி, அரிசி ஆலை, களம்பூர்'. வரவேற்கக் காத்திருக்கும் வாண்டுகளுக்குக்கூட 'யு.கே.ஜி.' என்று போட்டிருந்தது. அந்த வரிசையில் 'திருமதி ஆதிலட்சுமி, பி.ஏ.' என்றும் இருந்தது. எல்லாருக்கும் மேலே, ஆசி வழங்கும் காலமானவர்கள் வரிசையில், பொடி எழுத்தில் 'தெய்வத்திரு. சடையன்' என்று அவள் அப்பாவின் பெயர். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

ஆதிலட்சுமி பி.ஏ. முடிக்கவில்லை.

மூன்று வருடம் கல்லூரிக்குப் போனது நிஜம். ஆங்கில இலக்கியம் படித்ததும் நிஜம். கடைசிப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டும் வாங்கிவைத்திருந்தாள். தொண்ணூற்றெட்டு பங்குனியில் சடையன் மஞ்சள் காமாலை முற்றிச் செத்துப்போனார். முதல் பரீட்சை அன்றைக்கே கருமாதி. மிச்சம் நாலு பரீட்சைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அம்மாவோடு களையெடுக்கப் போய்விட்டாள், அவ்வளவுதான்.

ஆவணியில் கல்யாணம் கூடி வந்தது. பத்திரிகை அடிக்கப் போன தாய்மாமன், ஊர்க் காலனியிலேயே முதல் பி.ஏ. என்று கூசாமல் அவள் பெயருக்குப் பின்னால் வாலை ஒட்டிவிட்டு வந்தார். நான் பரீட்சையே எழுதவில்லையே மாமா என்று அவள் சொன்னதற்கு, "மூணு வருசம் பஸ்ல போய்க்கினு வந்தல்ல, அது இன்னா சும்மாவா?" என்று கேட்டார். போகட்டும், இன்னொரு கொடுமையையும் மாமா செய்தார். ஒரு முழம் நிலம் இல்லாத சடையனை அதே பத்திரிகையில் 'விவசாயி' ஆக்கிவிட்டார்.

அச்சில் ஏறியது ஊரில் ஏறிவிட்டது. களம்பூர் மாமியார் வீட்டில் அவள் பி.ஏ. மருமகள். ஆரணிக்குக் குடிவந்து மனு எழுத உட்கார்ந்தபோது பி.ஏ. அக்கா. சர்டிபிகேட் எங்கே என்று யாரும் கேட்டதில்லை, அருள்ராஜ்கூட. அடுத்த வருடமே அந்தப் பரீட்சைகளை எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடித்ததாக அச்சில் வந்துவிட்ட படிப்புக்கு எந்த முகத்தோடு போய்ப் பரீட்சை எழுதுவது?

அகல்யா அந்தப் பெருமையிலேயே வளர்ந்தாள். எங்கம்மா அந்தக் காலத்திலேயே பி.ஏ. என்று பள்ளிக்கூடத்தில் சொன்னாள், நர்சிங் கல்லூரியில் சொன்னாள். பெண் பார்க்க வந்த தனசேகரன் கிளம்பும்போது, பொண்ணோட அம்மாவே பி.ஏ.வாமே, எங்களுக்கு அது போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். போன தடவை வாலை ஒட்டியவர் மாமா. இந்தத் தடவை கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். போட்டால் பொய் அவளுடையது ஆகிவிடும். போடாமல் அந்தப் பி.ஏ.வை அடித்துவிட்டால் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மகளைத் தலைகுனிய வைத்த பாவம் வந்து சேரும்.

பன்னிரண்டு மணிக்கு போன் வந்தது. ரிசப்ஷனுக்குச் சொல்லிவைத்திருந்த பட்டுப்புடவை இன்றைக்குத் தறியிலிருந்து இறங்குகிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நெசவுக்காரர் ஜெயக்குமார் சொன்னார். அகல்யா வேலூரில் டியூட்டியில் இருந்தாள். அருள்ராஜுக்கு ஆலையில் நெல் லோடு. ஆதிலட்சுமிதான் போக வேண்டும். இத்தனை நாளும் அந்த வீட்டுக்கு அவள் அகல்யாவையே அனுப்பிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. ஜெயக்குமாரின் மனைவி பரிமளா, ஒரு காலத்தில் பரிமளா மிஸ்.

தொண்ணூற்றைந்தில் ஆதிலட்சுமி கல்லூரியில் சேர்ந்தபோது பரிமளா மிஸ்ஸுக்கு இருபத்துநாலு வயது. முதல் வேலை. நெசவுக்கார வீட்டுப் பெண், ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும். வருகைப் பதிவு எடுக்கும்போது 'யெஸ் மிஸ்' என்று முப்பத்தொரு தடவை கேட்டால் தூக்கம் வருகிறது என்று, ஆளுக்கொரு புது இங்கிலீஷ் வார்த்தையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பெயரைக் கூப்பிட்டதும் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வருடம் கடைசி நாளில் எல்லாரும் எழுந்து தங்கள் வார்த்தையின் பொருள் என்ன, அது எங்கே பிறந்தது என்று சொல்லியாக வேண்டும்.

தேவிப்ரியாவுக்கு லூமினஸ் வந்தது. ஒளி வீசுவது என்று அர்த்தமாம், அவளும் அப்படித்தான் பவுடர் பூசிக்கொண்டு வருவாள். கற்பகத்துக்கு செரீன், அதாவது அமைதி. ஆதிலட்சுமிக்கு வந்த சீட்டில் இன்கோயேட் என்று இருந்தது. அன்றே நூலகத்துக்கு ஓடி, அட்டை கிழிந்த அகராதியைப் புரட்டினாள். 'முற்றுப்பெறாத, அரைகுறையான.' அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. அவள் படிக்கவில்லை. அகராதியை மூடிவைத்துவிட்டு வந்தாள்.

மற்றவர்களுக்கு ஒளியும் அமைதியும் கொடுத்த மிஸ், பெரணமல்லூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து இரண்டே பாவாடை தாவணியோடு வந்தவளைப் பார்த்ததும் அரைகுறை என்று எழுதிக் கொடுத்துவிட்டாரே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கேட்க வாய் வரவில்லை. மூன்று வருடமும் 'இன்கோயேட்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் அந்த மூன்று வருடத்தைப் போல ஒரு காலம் அவளுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். காலை ஆறே முக்கால் பஸ். ஜன்னலோரம் கிடைக்காது, கம்பியைப் பிடித்துக்கொண்டே புத்தகம் படிப்பாள். ஊர் எல்லை தாண்டியதும் ரோட்டோரக் கழனியில் அப்பா யாருக்காவது ஏர் ஓட்டிக்கொண்டிருப்பார். பஸ்ஸைப் பார்த்தால் கையைக்கூட ஆட்டமாட்டார். மாடுகளை நிறுத்திக்கொண்டு நிற்பார். பஸ் தாண்டிப் போனபிறகு ஓட்டுவார். இதை அவள் முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபிறகு ஒரு நாளும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்ததில்லை. அப்புறம் வகுப்பு, வரிசையாக முப்பத்தொரு வார்த்தைகள், மதியம் கற்பகத்தின் டிபன் பாக்ஸிலிருந்து பாதி, திரும்பி வரும் பஸ்ஸில் நாலு ஊர்ப் பெண்களின் சிரிப்பு. கூட்டம் இல்லாத நாளில் மனு எழுதிக்கொண்டே அந்த முப்பத்தொரு வார்த்தையையும் வரிசை பிசகாமல் இன்றைக்கும் சொல்லிப் பார்ப்பாள். தன் வார்த்தை வரும் இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நிற்கும்.

கடைசி நாளில் அவள் போகவில்லை. அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு படிப்பே அரைகுறையாக நின்றதும், மிஸ் அன்றே கணித்துவிட்டார் என்று தோன்றிப்போயிற்று. கோபம் பாதி, வெட்கம் பாதி. ஆரணி மாதிரி ஒரே பஸ் ஸ்டாண்டும் ஒரே மார்க்கெட்டும் உள்ள ஊரில் ஒரு மனுஷியின் கண்ணில் இருபத்திரண்டு வருடம் படாமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆதிலட்சுமி அதைச் சாதித்தாள். ஒரு தடவை மிஸ்ஸைக் கண்டு பயந்து மருந்துக்கடைக்குள் நுழைந்து, வேறு வழியில்லாமல் தலைவலித் தைலம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மதியத்தில் பெண்கள் படுத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு இரண்டு மணிக்குப் போனாள். பத்திரிகைத் தாள் கைப்பையில் இருந்தது. வீட்டுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. நெய்துகொண்டிருந்த பச்சையப்பன் தலையைத் தூக்கி, ஜெயக்குமார் வெளியே போயிருப்பதாகவும் முந்தானை இன்னும் நாலு விரல் நெய்ய வேண்டியிருப்பதாகவும், உட்காருங்கள் ஒரு மணி நேரத்தில் அறுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னார். அப்புறம் வருகிறேன் என்று அவள் திரும்புவதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. பரிமளா மிஸ்ஸுக்கு முடி பாதி வெளுத்திருந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"ஆதிலட்சுமி," என்றார்.

"இன்கோயேட், மிஸ்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எத்தனையோ வருடமாக யாரும் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மிஸ் சிரித்துவிட்டார். நாற்காலி போட்டார், காபி கொண்டுவந்தார். இத்தனை நாளும் அகல்யா வந்து போனாளே, அவள் உன் மகள் என்று தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். குழந்தை பிறந்ததும் கல்லூரி வேலையை விட்டதையும், இப்போது இந்த வீட்டுத் தறிகளுக்கு டிசைன் போடுவதையும் சொன்னார். தேவிப்ரியா எங்கே இருக்கிறாள், கற்பகம் எங்கே இருக்கிறாள் என்று பேச்சு போயிற்று. ஆளுக்கொரு வார்த்தை சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் முப்பத்தொன்றையும் முடித்தார்கள். ஆதிலட்சுமிக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இவ்வளவு பிரியமான மனுஷியிடமிருந்தா இத்தனை வருடம் ஓடி ஒளிந்தோம் என்று இருந்தது. அந்த நினைப்பே அவளைக் கேட்கவும் வைத்தது.

"மிஸ், தப்பா நெனச்சிக்காதீங்க. எல்லாருக்கும் அழகு அழகா குடுத்தீங்க. எனக்கு மட்டும் ஏன் அரைகுறைன்னு குடுத்தீங்க?"

மிஸ்ஸுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு, அகராதியில் கீழே இருந்ததை நீ படிக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"நீ சேர்ந்த அன்னிக்கு உன் ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா இருந்தது, ஞாபகம் இருக்கா?" என்றார் மிஸ். "அப்பாவோட தொழில்."

ஆதிலட்சுமிக்கு அது மறந்தே போயிருந்தது. இப்போது அந்த ஃபாரம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. முன் வரிசையில் எல்லாரும் நெசவு, வியாபாரம், விவசாயம் என்று மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நிலம் இல்லாதவர் விவசாயி ஆவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூலி என்று எழுதக் கை வரவில்லை. விட்டுவிட்டாள். மிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, ஏர் ஓட்டுகிறார் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஊரார் கட்டங்களையெல்லாம் ஓட்டை இல்லாமல் நிரப்பியவள் தன் வாழ்க்கையில் காலியாக விட்டது அந்த ஒரே கட்டம். அப்பாவுக்குரிய கட்டம்.

எனக்கும் அதில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை, நானும் அப்படியே விட்டுவிட்டேன் என்றார் மிஸ். அன்று வீட்டுக்குப் போய்ப் பெரிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, ஏரில் பிறந்த வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு நாள் தேடினாராம். கிடைத்தது இன்கோயேட். லத்தீன் மொழியில் கோஹும் என்றால் மாடுகளின் கழுத்தில் வைக்கும் நுகத்தடியையும் கலப்பையிலிருந்து நீளும் ஏர்க்காலையும் சேர்த்துக் கட்டுகிற வார். அந்தக் கட்டைப் போடுவது என்பதிலிருந்து வேலையைத் தொடங்குவது என்று அர்த்தம் வந்தது. ஏர் பூட்டியாகிவிட்டது, உழவு இன்னும் முடியவில்லை. அதனால் முற்றுப்பெறாதது என்பது பின்னால் வந்து சேர்ந்த அர்த்தம். வார்த்தைகளின் பிறப்பைத் தேடுகிறவர்களில் சிலர் இதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்பார்கள், ஆனால் பெரிய அகராதிகள் இப்படித்தான் சொல்கின்றன என்றும் நியாயமாகச் சேர்த்துக்கொண்டார்.

"உங்க அப்பாவுக்காகத் தேடின வார்த்தைம்மா அது," என்றார். "கடைசி நாள்ல நீயே படிச்சுட்டு வந்து எங்களுக்கெல்லாம் சொல்லுவேன்னு நெனச்சிகினு இருந்தேன். நான் பட்டு நூலுக்கு நடுவுல பொறந்தவ. ஏர் எப்படிப் பூட்டுவாங்கன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

மேசைமேல் டிசைன் போடும் நீளமான மர ஸ்கேல் கிடந்தது. ஆதிலட்சுமி அதை எடுத்துக் குறுக்கே வைத்தாள். சுவரோரம் இருந்த குடையை எடுத்து, அதன் நுனி ஸ்கேலின் நடுவில் வருமாறு வைத்தாள். ஒரு துண்டுக் கயிறு கேட்டாள். பிறகு, இது நுகத்தடி மிஸ், இது ஏர்க்கால் என்று சொல்லி, மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, நடுவில் குறுக்கே இழுத்து ஒரு முடிச்சு என்று கட்டிக் காட்டினாள். இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, மாடு திரும்பும்போது ஏர்க்கால் கொஞ்சம் அசைய வேண்டும். பத்து வயது வரைக்கும் அப்பா கட்டும்போது நுகத்தடியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற கைகள் அவை. முப்பத்தெட்டு வருடம் கழித்தும் கட்டு பிசகவில்லை. பச்சையப்பன் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"சித்திரையில வருசத்து மொத உழவுக்குப் பொன்னேர் கட்டுவாங்க மிஸ்," என்றாள். "நைனா குளிச்சிட்டு, மாட்டுக்குப் பொட்டு வச்சி, ஏரைப் பூட்டி மூணு சால்தான் ஓட்டுவாரு. அப்பறம் அவுத்துடுவாரு. கழனி பூரா அப்படியே கெடக்கும். அத யாரும் அரைகொறன்னு சொல்லமாட்டாங்க. பொன்னேர் கட்டியாச்சுன்னுதான் சொல்லுவாங்க."

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. குடையையும் ஸ்கேலையும் கட்டியபடியே பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மிஸ் எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். கடைசி நாள் பேச வேண்டியதை ஆதிலட்சுமி இருபத்தேழு வருடம் தாமதமாகப் பேசி முடித்திருந்தாள். அழுகை ஓய்ந்ததும் பைக்குள்ளிருந்த தாளை எடுத்து மிஸ்ஸிடம் கொடுத்தாள். மிஸ் மேலிருந்து கீழ்வரை படித்தார். பி.ஏ. என்ற இடத்தில் அவர் கண் நின்றதை அவள் பார்த்தாள். பரீட்சைக்கு வராதது மிஸ்ஸுக்குத் தெரியும். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் பச்சையப்பன் புடவையை அறுத்து மடித்துக் கொண்டுவந்து வைத்தார்.

சாயங்காலம் வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய அகல்யாவை நேரே அச்சகத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மனு எழுதுகிறவர்களுக்கு முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிடும் பழக்கம் உண்டு. அகல்யா முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது.

"அவங்க வீட்ல கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள்.

நடந்ததைச் சொல், மூன்று வருடம் படித்தாள், பரீட்சை எழுதவில்லை என்று சொல் என்றாள் ஆதிலட்சுமி. சம்பந்தியிடம் நாளைக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்றும் சொன்னாள். உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று மகள் கேட்டாள். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். பிறகு உள்ளே போய் மேசைமேல் தாளை விரித்து, நீலப் பேனாவைத் திறந்து, தன் பெயருக்குப் பின்னால் இருந்த இரண்டு எழுத்தையும் ஒரே கோட்டில் அடித்தாள். மேலே போய், சடையன் என்ற பெயருக்குப் பின்னால் மனு எழுதும் அதே குண்டு எழுத்தில் 'ஏரோட்டி' என்று எழுதினாள்.

அகல்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா விவசாயி என்றல்லவா சொல்லிவைத்திருந்தாய் என்று கேட்டாள். நிலம் இல்லையம்மா, ஏர் மட்டும்தான் ஓட்டினார் என்று அம்மா சொன்னாள். அகல்யா தாளைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு தடவை படித்தாள்.

"குணா அண்ணா," என்றாள், "தாத்தா வரி ரொம்ப சின்ன எழுத்தா இருக்குது. கொஞ்சம் பெருசா போடுங்க."

குணா தலையாட்டிக்கொண்டு தாளை வாங்கினான். பி.ஏ. அடித்திருப்பதைப் பார்த்ததும் தயங்கினான். பி.ஏ. அக்காவே இப்படிச் செய்தால் அவன்தான் என்ன செய்வான்? எல்லாருக்கும் பின்னால் ஏதாவது இருக்கிறது, உங்கள் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கிறதே அக்கா, 'மனு எழுதுபவர்' என்றாவது போடட்டுமா என்று கேட்டான்.

ஆதிலட்சுமி பேனாவை மூடினாள்.

"அந்த எடம் காலியா இருக்கட்டும், குணா. நானு இன்னும் முடிக்கல."